குடலை இளக்கும் நச்சுவாயு

கார்பன் மானாக்ஸைடு என்னும் வாயுவை நாம் நஞ்சென்றே அறிந்திருக்கின்றோம். நாம் வெளிவிடும் கரியமிலவாயு வேறு; இது வேறு. முன்னாளில் திருவரங்கத்து இல்லங்களில் வழங்கிய குமுட்டி அடுப்பைக் காற்றோட்டமில்லாத அறையில் வைத்தால், கரி முற்றும் எரியாது கனலும். அப்பொழுது நிறமும் மணமுமின்றி எழுவது இவ்வாயு. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலாக இதனைப் பற்றிக்கொள்ளுமாதலின், உறங்குவோர் விழியாமலே மடிதலும் உண்டு.

இந்நஞ்சை நம் உடலே ஓயாது ஆக்கிக்கொண்டிருக்கிறதென்றால் யார் நம்புவார்? மனித உடலில் இது தோன்றுவதை 1949-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு ஷோஸ்ட்ராண்ட் என்பார் காட்டினார். மூத்துச் சிதையும் செங்குருதி அணுக்களின் ஹீம் என்னும் பொருளை, ஹீம் ஆக்ஸிஜனேஸ் என்னும் நொதி உடைக்கும்போது இது சிறிதளவு வெளிப்படுகின்றது. அந்நொதியின் ஒருவகை, குடற்சுவரின் நரம்பணுக்களிலும் உறைகின்றது. அங்கே அதற்கு என்ன வேலை?

குடலின் தசை நம் விருப்பிற்கு அடங்காதது. உணவிற்குப் பின்னுள்ள பகுதி சுருங்க, முன்னுள்ள பகுதி தளர, உணவு நகர்கின்றது. சுருங்குதலே தொழில், தளர்தல் வாளாவிருத்தல் என்று எண்ணுதல் தவறு. வைகுண்ட ஏகாதசியன்று பரமபதவாசலின்முன் நிற்கும் கூட்டத்தைக் கண்டோர்க்கு இஃது எளிதில் விளங்கும். பின்னிருப்போர் எத்துணை நெருக்கினும், முன்னுள்ள கதவு திறந்தாலன்றி ஒருவரும் அடியெடுத்து வைத்தல் இயலாது. அக்கதவைத் திறப்போருள் ஒன்று இவ்வாயு. இது தசையணுவினுட் புகுந்து, ஆங்குள்ள ஒரு நொதியின் இரும்பைப் பற்றி அதனைத் தூண்டுகின்றது. அதன் விளைவாகப் பொட்டாசியம் வெளியேற, அணுவின் உட்புற மின்னழுத்தம் தாழ்ந்து, தசை இளகுகின்றது. நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் பிறிதொரு வாயுவும் இத்தொழிலையே செய்கின்றது. வலிமையில் அதுவே மிக்கது.

அங்ஙனமாயின் வலிமை குன்றிய இது எற்றுக்கு? அமெரிக்காவில் ஸ்னைடர், ஃபரூஜியா முதலியோர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடை தந்தது. குடல் நரம்புகளில் இவ்வாயுவை ஆக்கும் நொதி பிறவியிலேயே இல்லாத எலிகளை எடுத்து, அவற்றின் குடல் நரம்புகளை மின்சாரத்தால் தூண்டினர். நைட்ரிக் ஆக்ஸைடை ஆக்கும் நொதி குறைவின்றி இருந்தும், தசை ஏறக்குறைய அசைவற்றே நின்றது! புறத்தேயிருந்து கார்பன் மானாக்ஸைடைச் செலுத்தியவுடன் பழைய இயக்கம் மீண்டது. வலியது எளியதன் துணையின்றித் தொழிற்படவில்லை. இவ்வாராய்ச்சியில் என் உள்ளத்தைக் கவர்ந்தது இதுவே.

வயிற்றில் அறுவை செய்துகொண்டோர்க்குக் குடல் சில நாள் அசையாது நின்றுவிடுதலும், அதனால் வயிறு உப்பி வருந்துதலும் நாம் கேள்வியுற்றவையே. எலிகளை அறுவைக்கு முன்னர், பத்து லட்சம் பங்கு காற்றில் 250 பங்கு இவ்வாயு கலந்ததைச் சுவாசிக்கச் செய்தபோது, குடற்றசையில் எழும் அழற்சி தணிந்து, இயக்கம் பெரிதும் காக்கப்பட்டதாக 2003-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். பின்னர்ப் பன்றிகளிடத்தும் இம்முறை சோதிக்கப்பட்டது.