நுண்ணூசிப் பட்டையும் ஊசிமருந்தும் – ஓர் ஒப்பீடு

மாணவர்களே,

“இரு முறைகளையும் ஒப்பிடுக” என்று வினா வந்தால், “ஊசி வலிக்கும், பட்டை வலிக்காது” என ஒரே வரியில் விடையை முடித்துவிடாதீர்கள். எது மாற்றப்பட்டது, என்ன அவதானிக்கப்பட்டது, அதிலிருந்து எதுவரை முடிவு கூறலாம் என்னும் மூன்றும் விடையில் இடம்பெற வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழினுட்ப நிறுவகத்தினரும் எமோரிப் பல்கலைக்கழகத்தினரும் 2010 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உதாரணமாகும்.

முறைகள்

வழமையான ஊசி, தடுப்பு மருந்தைத் தசையினுள் செலுத்துகிறது. பட்டையிலுள்ள நுண்ணூசிகளோ ஏறத்தாழ 0.65 மில்லிமீற்றர் நீளமானவை. நீரில் கரையும் பல்பகுதியத்தால் ஆனவை. மருந்து அவற்றினுள்ளேயே இருக்கும். தோலில் அழுத்தியதும் சில நிமிடங்களில் ஊசிகள் கரைந்துவிடும். கூரிய கழிவு எஞ்சாது.

பரிசோதனை

சுண்டெலிகள் மூன்று கூட்டங்களாகப் பிரிக்கப்பட்டன.

1. இன்புளுவென்சாத் தடுப்பு மருந்துள்ள பட்டை பெற்றவை
2. அதே மருந்தைத் தசையில் ஊசிமூலம் பெற்றவை
3. மருந்தில்லாத பட்டை பெற்றவை

மூன்றாவது கூட்டம் எதற்கு? அதுவே கட்டுப்பாடு. பாதுகாப்பைத் தந்தது மருந்தா, பட்டையா என்பதை அது காட்டுகிறது. இதனை எழுதாமல் விடுபவர்களே அதிகம்.

அவதானம்

30 நாட்களின் பின் வைரசு செலுத்தப்பட்டபோது முதலிரு கூட்டங்களும் நலமாயிருந்தன. மூன்றாவது கூட்டம் நோயுற்று இறந்தது. மூன்று மாதங்களின் பின் வேறு சுண்டெலிகளைச் சோதித்தபோதே வேறுபாடு தெரிந்தது. பட்டை பெற்றவற்றின் சுவாசப்பைகளிலிருந்து வைரசு கூடிய அளவில் அகற்றப்பட்டிருந்தது.

காரணம்

தோல் வெறும் போர்வையன்று. கிருமிகளை இனங்காணும் நிர்ப்பீடனக் கலங்கள் அங்கே நிறைந்துள்ளன. தசையில் அவை குறைவு. எனவே தோலில் இடப்படும் மருந்து அவற்றை இலகுவில் சென்றடைகிறது.

முடிவு

“பட்டையே சிறந்தது” என்று எழுதினால் அது தவறாகும். “சுண்டெலிகளில், இன்புளுவென்சாவுக்கு எதிராக, பட்டை ஊசிக்குக் குறையாத பாதுகாப்பைத் தந்தது” என்பதே சரி. சுண்டெலியில் கிடைத்த பேறு மனிதருக்கும் பொருந்துமா என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். 2015 இல் 100 வளர்ந்தோரில் அவ்வாறான சோதனை நடாத்தப்பட்டது; இரு முறைகளிலும் உருவான பிறபொருளெதிரிகளின் அளவு ஏறத்தாழ ஒத்திருந்தது.

பயிற்சி: மூன்றாவது கூட்டம் இல்லாதிருந்தால் எம்முடிவைக் கூற முடியாது? இரு வரிகளில் எழுதுக.