கடலடி ஊர்கள் – 14: வெள்ளைப் பலகையில் ஒரு பெயர்

சிபாடானுக்குப் பணம் கட்டிவிட்டால் சிபாடானுக்குப் போய்விடலாம் என்றுதான் முதல் தடவை நினைத்திருந்தேன். தங்கிய இடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. மறுநாள் எந்தப் படகில் யார் யார், எங்கே இறங்குகிறார்கள் என்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன் மார்க்கரில் எழுதிவிடுவார்கள். மூன்று ராத்திரி தங்கினேன். மூன்று ராத்திரியும் என் பெயருக்கு எதிரே 'மாபுல்' என்று, தங்கியிருந்த தீவின் பெயரே இருந்தது. பொறுப்பாளரிடம் போய்க் கேட்டேன். "உங்கள் பேக்கேஜில் பெர்மிட் இல்லையே" என்றார், சிரித்த முகம் மாறாமல். அவர் மேல் குற்றமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் மேலும் உண்டு. பதிவு செய்யும்போது நான் பார்த்ததெல்லாம் கடலுக்குள் காலூன்றி நிற்கும் மரக்குடிலின் படம். கேட்டதெல்லாம் ஏசி உண்டா, காலைச் சாப்பாடு சேர்த்தியா என்பதுதான்.

மலேசியாவின் சபா மாநிலத்தில், போர்னியோவின் கிழக்குக் கரையைத் தாண்டி இருக்கிறது சிபாடான். அரை மணி நேரத்தில் சுற்றி நடந்துவிடக்கூடிய தீவு. ஆனால் அடியில் கிடப்பது அணைந்த எரிமலை ஒன்றின் கூம்பு. கடலடியிலிருந்து 600 மீட்டருக்கு எழும்பி நிற்கிறது. அதன் தலையில் பவளம் வளர்ந்து தீவாகியிருக்கிறது. கரையிலிருந்து சில அடிதான், பிறகு தரை சுவராகக் கீழே இறங்கிவிடும். இந்தச் சுவருக்காகத்தான் உலகம் முழுவதிலிருந்தும் டைவர்கள் வருகிறார்கள்.

இத்தனை பேர் ஏங்கும் தீவில் ஒரு விடுதிகூட இல்லை. முன்பு இருந்தன. 1989-ல் கடலாய்வாளர் குஸ்தோ இந்தத் தீவைப் பற்றி எடுத்த படம் வெளிவந்தபின் கூட்டம் சேர்ந்தது. தீவிலேயே விடுதிகள் முளைத்தன. கழிவும் அங்கேயே போனது. 2000 ஏப்ரலில் அபு சயாஃப் என்ற தீவிரவாதக் குழுவின் ஆட்கள் ஆயுதங்களோடு வந்து, விருந்தாளிகளும் ஊழியர்களுமாக 21 பேரைப் பிடித்து பிலிப்பைன்ஸின் ஜோலோ தீவுக்குக் கொண்டுபோனார்கள். தீவு யாருக்கு என்று இந்தோனேசியாவும் மலேசியாவும் நடத்திய வழக்கில் 2002 டிசம்பரில் சர்வதேச நீதிமன்றம் மலேசியா பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் படித்தால் ஒரு வேடிக்கை. பழைய ஒப்பந்தங்களும் வரைபடங்களும் எந்தப் பக்கமும் எடுபடவில்லை. ஆமை முட்டை எடுப்பதற்கு வட போர்னியோவின் பிரிட்டிஷ் நிர்வாகம் 1917-லிருந்தே விதி வகுத்து நடத்தியது, 1933-ல் தீவைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது – இவைதான் எடுபட்டன. பிறகு மலேசிய அரசு விடுதிகள் எல்லாவற்றையும் 2004 முடிவுக்குள் காலி செய்யச் சொன்னது. அன்றிலிருந்து ராத்திரியில் தீவில் காவலர்களும் ஆமைகளும்தான்.

பகலில் இறங்குவோருக்கும் தலைக்கணக்கு உண்டு. முதலில் ஒரு நாளைக்கு 120 பேர் என்றார்கள்; பின்னர் எண்ணிக்கை கூடியது. அந்தப் பெர்மிட்டுகள் உரிமம் பெற்ற விடுதிகளுக்கும் டைவ் கடைகளுக்கும் பங்கு பிரிகின்றன. ஆகவே நீங்கள் தேர்ந்தெடுப்பது அறையை அல்ல, அந்தப் பங்கில் ஒரு துண்டை. எழுதிக் கேளுங்கள்: எத்தனை இரவு தங்கினால் சிபாடானில் எத்தனை நாள்? எழுத்தில் பதில் வராவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள். ஆண்டில் ஒரு மாதம் தீவுக்கு ஓய்வு விடுகிறார்கள். உங்கள் விடுமுறை அதில் போய் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓப்பன் வாட்டர் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவர்கள் அட்வான்ஸ்டு முடித்துவிட்டுப் போங்கள். அங்கே நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், திடீரென்று திசை மாறும். 18 மீட்டர் பயிற்சியோடு அதில் தொங்குவது சுகமில்லை.

தங்க மூன்று வழி. செம்போர்னா ஊரில் தங்கினால் செலவு குறைவு. ஆனால் தினமும் வேகப்படகில் ஒரு மணி நேரம் முதுகெலும்பைக் கடலுக்கு ஒப்புக்கொடுக்க வேண்டும். இரண்டாவது கபாலாய்: மணல்திட்டின் மேல் கட்டைக் கால்களில் நிற்கும் விடுதி. படத்தில் பார்த்து எல்லோரும் மயங்குவது இதில்தான். என் ஓட்டு மாபுலுக்கு. சிபாடான் பெயர் வராத நாளிலும் அங்கே வீணாகாது. விடுதிப் படகுத்துறைக்கு அடியிலேயே தவளைமீன் கல்லோடு கல்லாக உட்கார்ந்திருக்கும். கட்டைவிரல் அளவுக் கணவாய் ஒன்று, கலங்கிய மணலில் ஊதாவும் மஞ்சளுமாக நிறம் மாற்றியபடி நடந்து போனது. ஆம், நடந்துதான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய கடல் அது. பொறுமையில்லாதவர்களுக்குப் பத்தே நிமிடத்தில் சலித்துவிடும்.

மாபுலில் இன்னொன்றும் உண்டு, எந்த விளம்பரப் படத்திலும் வராதது. விடுதி வேலிக்கு அந்தப் பக்கம் பஜாவ் லாவுத் மக்களின் குடிசைகள். தலைமுறைகளாகப் படகிலேயே வாழ்ந்தவர்கள். பலருக்கு எந்த நாட்டுக் காகிதமும் கிடையாது. பிள்ளைகள் பலர் பள்ளிக்குப் போவதில்லை, சுற்றுலாப் படகைக் கண்டால் துடுப்புப் போட்டு வருகிறார்கள். ஒரு நாள் பன்னிரண்டு மீட்டரில் இருந்தபோது 'டம்' என்று ஒரு சத்தம். காதில் கேட்டது என்பதைவிட நெஞ்சில் விழுந்தது என்பதுதான் சரி. டைவ் மாஸ்டர் கைகளைக் குவித்து விரித்துக் காட்டினார். எங்கோ மீனுக்கு வெடி போட்டிருக்கிறார்கள். சிபாடானுக்குத் தலைக்கணக்கு எழுதும் அதே கடலில், அதன் எல்லைக்கு வெளியே, இதுவும் நடக்கிறது.

பாதுகாப்பைப் பற்றி வீட்டில் கேட்பார்கள். 2014-ல் தொடங்கிப் பல ஆண்டுகள் கிழக்குச் சபா கடலில் மாலை ஆறு முதல் காலை ஆறு வரை ஊரடங்கு இருந்தது. திரும்பத் திரும்ப நீட்டித்தார்கள். அப்போது மாலை ஆறுக்குப் பிறகு படகு ஓடாது. இன்றும், இருட்டுவதற்குள் தீவு சேர, கோலாலம்பூரிலிருந்து தாவாவுக்கு வரும் விமானம் காலையில் இறங்குவதாகப் பார்த்துப் போடுங்கள். அங்கிருந்து செம்போர்னா சாலை, பிறகு படகு. மதியம் தாண்டினால் இடர்தான். மலேசியாவுக்குள்ளேயே பறந்தாலும் சபாவில் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், பெட்டியில் போட்டுவிடாதீர்கள். திரும்பும்போது கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே பதினெட்டு மணி நேரமாவது இருக்கட்டும்.

இரண்டாம் தடவை ஆறு இரவு, சிபாடானில் இரண்டு நாள் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் போனேன். மூன்றாம் நாள் பலகையில் என் பெயர் இருந்தது, எழுத்துப்பிழையோடு. காலையில் தீவில் இறங்கி, காவலர் நீட்டிய பேரேட்டில் கையெழுத்துப் போட்டோம். அன்று கடைசி டைவுக்குப் படகே வேண்டியிருக்கவில்லை. சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தோம். பத்து எட்டு, பதினைந்து எட்டு. அதன்பின் காலுக்கடியில் தரை இல்லை; நீலம் மட்டும். சுவரோரம் ஒரு பிளவில் பேராமை ஒன்று படுத்திருந்தது. நாங்கள் ஐந்து பேரும் குமிழி விட்டுக்கொண்டு கடந்தபோது ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. பிறகு மூடிக்கொண்டது.

(தொடரும்)