தொழுநோயும் அயலாரின் பேச்சும்

நோய்க்குக் காரணம் கிருமி. ஆனால் அது ஒருவரை எவ்வளவு தூரம் கெடுக்கும் என்பதை அயலாரின் பேச்சும் தீர்மானிக்கிறது. தொழுநோயை எடுத்துப் பார்த்தால் இது நன்கு விளங்கும்.

முதலில் தோலில் வெளிறிய அல்லது சிவந்த ஓர் இடம் தோன்றும். அங்கே தொட்டால் உணர்ச்சி குறைவு. நோவுமில்லை, சொறிவுமில்லை. ஆகவே பலர் அதை வெறும் தேமல் என்று விட்டுவிடுகிறார்கள். சந்தேகப்படுபவரோ ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குகிறார். "ஆராவது கண்டால் பிள்ளையின் கலியாணம் என்னாகும்?" என்பதே நாம் கிராமங்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி. இப்படி ஒளித்து வைக்கும் மாதங்களில் கிருமி நரம்புகளைத் தாக்குகிறது. பிறகு வயலில் பாதத்தில் முள் ஏறினாலும் தெரியாது, சுடுபானை தூக்கிய கை வெந்தாலும் தெரியாது. புண் ஆழமாகும், விரல்கள் மடங்கும். மண்வெட்டி பிடித்த கை வேலைக்கு உதவாமற் போகும். அந்தக் கையைக் கண்டு ஊர் மேலும் பயப்படும்.

இந்தப் பயம் பழையது. ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தளையில் தொழுநோய் வைத்தியசாலை அமைத்தனர். மட்டக்களப்பு வாவியில் மாந்தீவு இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. 1901ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளரைப் பிரித்து வைக்க இடமளித்தது. மருந்தில்லாத காலத்து ஏற்பாடுகள் இவை. உலக சுகாதார தாபனம் 1981இல் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தபின் நிலைமை மாறிவிட்டது. மாத்திரைகள் இலவசம்; 6 அல்லது 12 மாதங்கள் எடுத்தால் போதும். சிகிச்சை தொடங்கியதும் விரைவிலேயே பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடும். தனிக் கோப்பையும் தனிப் பாயும் எதற்கு?

1990இல் இது குணமாகும் நோய் என்று வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அறிவித்தபோது, தாமாகவே வைத்தியரிடம் வந்தோர் தொகை கூடிற்று. அதுவரை மறைந்திருந்தவர்களே வெளியே வந்தார்கள்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஊர் மாறும்போது மாத்திரை இடையில் நின்றுவிடுகிறது. புதிய அயலார் என்ன மருந்து என்று கேட்பார்களே எனச் சிலர் கிளினிக் அட்டையையே வீசிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அடையாள அட்டையோடு அதையும் பத்திரப்படுத்துங்கள். புதிய இடத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டினால் சிகிச்சையைத் தொடர வழி செய்வார். உணர்ச்சி குறைந்த பாதமுடையவர் செருப்பில்லாமல் நடக்கக்கூடாது. மாலையில் வேலை முடிந்து வந்ததும், வீட்டார் ஒருவர் அந்தப் பாதத்தைக் கையிலெடுத்து, விளக்கு வெளிச்சத்தில் காயம் உண்டா என்று பார்க்க வேண்டும்.