மகளின் பல்கலைக்கழக விண்ணப்பம்: எதை முதலில் எழுதுவது?

உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வந்ததும் எமது வீடுகளில் ஒரு பரபரப்பு. உம்மாமார் தொலைபேசியில் சொந்தக்காரருக்குச் செய்தி சொல்கிறார்கள். வாப்பா கடையில் வருவோர் போவோருக்கெல்லாம் தேநீர் கொடுக்கிறார். அதன் பிறகு சில வாரங்கள் அமைதி. பல்கலைக்கழக விண்ணப்பம் கோரப்பட்டு, முடிவுத் திகதிக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் மறுபடியும் பரபரப்பு. பிள்ளை பக்கத்துச் சந்தியிலுள்ள கொமியூனிகேஷன் கடைக்கு ஓடுகிறாள். கணினியின் முன் இருக்கும் தம்பி, "எதை முதலாவதாகப் போடட்டும் தங்கச்சி?" என்று கேட்கிறார். பதின்மூன்று வருடப் படிப்பின் பலன் அந்த ஐந்து நிமிடத்தில் தீர்மானமாகிறது.

இப்படி நடக்க வேண்டியதில்லை. பிள்ளை படித்துப் பெற்ற புள்ளியை எம்மால் மாற்ற முடியாது. ஆனால், அந்தப் புள்ளிக்குக் கிடைக்கக்கூடிய நல்ல இடம் எது, அதைக் குடும்பத்தின் கைக்கு அடக்கமாக எப்படிப் பெறுவது என்பதை முன்கூட்டியே வீட்டில் உட்கார்ந்து யோசிக்கலாம். கணக்குத் தெரிந்த எந்த உம்மாவுக்கும் இது முடியாத காரியமல்ல.

முதலில் இஸட் புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இதுவே அளவுகோல். பிள்ளை எத்தனை புள்ளி பெற்றாள் என்பதை மட்டும் இது பார்ப்பதில்லை. அதே பாடத்துக்குத் தோற்றிய மற்றப் பிள்ளைகளின் சராசரியிலிருந்து எவ்வளவு மேலே, அல்லது எவ்வளவு கீழே நிற்கிறாள் என்பதைப் பார்க்கிறது. பூச்சியம் என்றால் சராசரி. அதற்கு மேல் போகப் போக நல்லது. மூன்று பாடங்களுக்கும் கணித்து அவற்றின் சராசரியை எடுப்பார்கள். ஆகவே, "மூன்று பீ எடுத்த அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்ததே, எமது மகளும் மூன்று பீ தானே" என்று மனம் நோவதில் பயனில்லை. பாடம் வேறானால் கணக்கும் வேறு.

இரண்டாவது விடயம் மாவட்டம். பெரும்பாலான கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகின்றன. 55 இடங்கள் சனத்தொகைக்கேற்ப 25 மாவட்டங்களுக்கும் பங்கிடப்படுகின்றன. மீதி 5 இடங்கள் கல்வியில் பின்தங்கியவை எனக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கின்றன. மன்னார், புத்தளம், திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, அனுராதபுரம், பொலன்னறுவை, பதுளை ஆகியன அந்தப் பதினாறில் அடங்கும். கொழும்பும் கண்டியும் காலியும் களுத்துறையும் அடங்கா. சில கற்கைநெறிகளுக்கு மாவட்டப் பங்கே கிடையாது. முழுக்கவும் திறமை அடிப்படைதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அடையாள அட்டையில் எந்த ஊர் விலாசம் இருக்கிறது என்பதைக் கொண்டு மாவட்டத்தைத் தீர்மானித்துவிடாதீர்கள். பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்களில் பிள்ளை எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தாள் என்பதே பெரிதும் பார்க்கப்படும். "நல்ல பாடசாலை" என்று சாதாரண தரத்தோடு மகளைக் கொழும்புக்கு அனுப்பிவைத்த அம்பாறைக் குடும்பங்கள் சில, பெறுபேறு வந்த பிறகுதான் இதை உணர்கின்றன. தங்கை இப்போது பத்தாம் வகுப்பில் இருந்தால் இப்போதே இதை நினைவிற் கொள்ளுங்கள்.

இனி, பட்டியலுக்கு வருவோம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் மாணவர் கைநூல் ஒன்றை வெளியிடுகிறது. தமிழிலும் உண்டு. எந்தெந்தப் பாடங்களுடன் எந்தக் கற்கைநெறிக்கு விண்ணப்பிக்கலாம் என்பதும், முந்திய வருடத்தில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் எந்த வெட்டுப்புள்ளியில் வாசல் மூடப்பட்டது என்பதும் அதில் உண்டு. இந்தக் கைநூலை வாசிக்காமல் விண்ணப்பம் நிரப்புவது, விலை கேளாமல் சீர்வரிசைக்குச் சாமான் வாங்குவது போன்றது. அந்த வெட்டுப்புள்ளிகளை இணையத்திலும் எடுக்கலாம்.

ஒரு பயிற்சிக் கொப்பியை எடுங்கள். மகளின் பாடங்களுக்குத் தகுதியான எல்லாக் கற்கைநெறிகளையும், அவை உள்ள எல்லாப் பல்கலைக்கழகங்களையும் எழுதுங்கள். ஒரே கற்கைநெறி நான்கு பல்கலைக்கழகங்களில் இருந்தால் அது நான்கு வரி. விண்ணப்பத்திலும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி யுனிகோட் இலக்கம் உண்டு. பக்கத்தில் உங்கள் மாவட்டத்தின் கடந்த மூன்று வருட வெட்டுப்புள்ளிகளைக் குறியுங்கள். ஒரு வருடத்தை மட்டும் நம்பக்கூடாது, அது ஏறும் இறங்கும். மகளின் புள்ளி 1.2 என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடமும் 1.5க்கு மேலிருந்தவை எட்டாத உயரம், ஆனால் ஆசைக்கு எழுதலாம். 1.1க்கும் 1.3க்கும் இடையில் ஆடியவை பொருத்தமானவை, கிடைக்கவும் கூடும், கைநழுவவும் கூடும். 0.9க்குக் கீழேயே நின்றவை ஓரளவு உறுதியானவை. இந்த மூன்று வகையிலும் பட்டியலில் இருக்க வேண்டும்.

வரிசை எப்படி? இதில்தான் எமது பெற்றோர் பலர் பயந்து பிழை செய்கிறார்கள். "பெரியதை முதலில் எழுதினால் சின்னதும் கிடைக்காமல் போய்விடும்" என்ற பேச்சு ஊரெங்கும் உண்டு. அது சரியல்ல. தெரிவு புள்ளியின்படி நடக்கிறது. பிள்ளையின் புள்ளிக்கு எட்டுகின்றவற்றுள் பட்டியலில் எது மேலே இருக்கிறதோ அது கொடுக்கப்படுகிறது. மேலே எழுதிய ஒன்று கிடைக்காவிட்டால் அதற்குத் தண்டனை இல்லை, அடுத்ததற்கு மற்றவர்களுக்குச் சமமாகவே பார்க்கப்படுவாள். மாறாக, பயத்தில் சின்னதை முதலாவதாக எழுதினால் அதுவே கிடைக்கும். அதைவிட நல்லது எட்டும் தூரத்தில் இருந்தாலும் கிடைக்காது. ஆகவே வரிசை வெட்டுப்புள்ளியின் வரிசை அல்ல, மகளின் விருப்பத்தின் வரிசை. வெட்டுப்புள்ளியைப் பார்ப்பது பட்டியல் கீழே போதிய ஆழத்துக்குப் போகிறதா என்று அறிவதற்கே.

ஆழம் என்றேன். மருத்துவம், பல் மருத்துவம் என்று இரண்டை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். உயிரியல் பிரிவில் படித்த பிள்ளைக்கு எத்தனை வழிகள்! பேராதனையில் தாதியியல், மருந்தாளர், இயன்மருத்துவம், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகியவற்றில் பட்டப்படிப்பு உண்டு. விவசாயம் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் யூனானி மருத்துவம் உண்டு. எங்கள் மூதாதையரின் ஹக்கீம் பரம்பரையை மகள்மார் கையிலெடுப்பதற்கு அது ஒரு பட்டம். யாழ்ப்பாணத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவம் உண்டு. கலைப்பிரிவுப் பிள்ளைக்குப் பொதுவான கலைப் பட்டம் மட்டுமல்ல. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் மூன்றிலும் சட்டம் உண்டு, அதற்கு எந்தப் பிரிவுப் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம். கட்டடக்கலை, ஆடை வடிவமைப்பு, மொறட்டுவையின் தகவல் தொழினுட்பம் போன்ற சிலவற்றுக்குத் தனியான நுண்ணறிவுப் பரீட்சை உண்டு. அதற்குப் பல்கலைக்கழகமே பத்திரிகையில் விளம்பரம் செய்யும். அதில் சித்தியடையாமல் விண்ணப்பத்தில் எழுதிப் பயனில்லை. அந்த விளம்பரத்தைத் தவறவிட்டுவிட்டுப் பிறகு கைசேதப்படுவோர் பலர்.

போகவே விரும்பாத இடத்தை மட்டும் எழுதாதீர்கள். கிடைத்து, பதிவும் செய்துவிட்டால், பிறகு மறுமுறை பரீட்சை எழுதி வேறொன்றுக்கு மாறுவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. கைநூலின் அந்தப் பகுதியைச் சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இனி வீட்டின் கையிருப்பு. அரச பல்கலைக்கழகத்தில் கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் சோறும் பஸ்ஸும் போடிங் வாடகையும் இலவசமல்ல. விடுதி மலிவானது, எனினும் எல்லா வருடமும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. வெளியே அறை எடுக்க வேண்டிய வருடங்களுக்கும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறுவருடம் பல்கலைக்கழகமான ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு அக்கரைப்பற்று, நிந்தவூர்ப் பிள்ளை வீட்டிலிருந்தே போய் வரலாம். அதே பட்டத்துக்குக் கொழும்பில் நான்கு வருடம் தங்கினால் என்ன செலவு? இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தால் சில வீடுகளில் வரிசையே மாறும். மாறாவிட்டாலும் தெரிந்துகொண்டு போவது நல்லது. மஹாபொல புலமைப்பரிசிலும் பர்சரி உதவிப்பணமும் உண்டு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மஹாபொலவை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், பர்சரியை 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்த முன்மொழியப்பட்டது. குடும்ப வருமானத்தைக் கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்தும் அலுவலை இழுத்தடிக்க வேண்டாம்.

தூரம் பற்றியும் பேசியாக வேண்டும். "பெண் பிள்ளை, யாழ்ப்பாணத்துக்கு எப்படி அனுப்புவது?" என்ற கேள்வியை அனுமதிக் கடிதம் வந்த பிறகு கேட்பது பெரிய அநியாயம். கேட்பதானால் விண்ணப்பத்துக்கு முன் கேளுங்கள். மகள், உம்மா, வாப்பா மூவரும் இருந்து, எந்த ஊர் வரை சம்மதம் என்று பேசி முடித்துவிட்டே எழுதுங்கள். அந்த ஊரில் படிக்கும் ஒரு ராத்தாவிடம் விடுதி எப்படி, தொழ இடம் உண்டா, சாப்பாடு எப்படி என்று விசாரியுங்கள். விசாரித்த வாப்பாமாரில் பலர் மனம் மாறியதை நான் கண்டிருக்கிறேன்.

வருடந்தோறும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் தகுதி பெற, நாற்பதாயிரத்துச் சொச்சம் பேருக்கே அரச பல்கலைக்கழகம் கிட்டுகிறது. ஆகவே கொப்பியின் மறுபக்கத்தில் இன்னொரு பட்டியல் அவசியம். தேசிய கல்வியியற் கல்லூரிகளுக்கு வர்த்தமானியில் விண்ணப்பம் கோருவார்கள். அட்டாளைச்சேனையிலும் தர்கா நகரிலும் எங்கள் பிள்ளைகளுக்குக் கிட்டிய கல்லூரிகள் உண்டு, முடிவில் ஆசிரியை நியமனம். சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக்குக் கொடுப்பனவும் உண்டு. உயர் தொழினுட்பக் கல்வி நிறுவகங்கள் கணக்கியல், தகவல் தொழினுட்பம், ஆங்கிலம் முதலியவற்றில் உயர் தேசிய டிப்ளோமா நடத்துகின்றன. முழுநேர வகுப்புக்குக் கட்டணம் இல்லை, சம்மாந்துறையிலும் ஒன்று உண்டு. 1980இல் ஆரம்பித்த திறந்த பல்கலைக்கழகத்தில் கட்டணம் உண்டு. ஆனால் வீட்டிலிருந்தே, ஏன், கைக்குழந்தையோடும் படிக்கலாம். இவை ஒவ்வொன்றின் முடிவுத் திகதியும் வேறு வேறு. பல்கலைக்கழக முடிவு வரும்வரை காத்திருந்தால் இவையெல்லாம் கடந்து போயிருக்கும்.

தனியார் நிறுவனங்களை நாடுவோர் பட்டத்தைக் கொடுப்பது யார் என்பதை முதலில் கேளுங்கள். வகுப்பு நடத்துபவர் ஒருவர், பட்டம் கொடுப்பவர் வேறொருவராக இருக்கலாம். அந்தப் பெயர் அரசாங்கம் அங்கீகரித்தவற்றின் பட்டியலில் உண்டா என்று ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் கல்வி அமைச்சிலும் பார்த்த பின்பே முற்பணம் கட்டுங்கள். அடுத்து, கட்டணம் ரூபாவிலா, பவுணிலா, டொலரிலா? 2022இன் ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், அதே வருடத்தின் நடுப்பகுதியில் 360 ரூபா வரை சென்றது. வெளிநாட்டு நாணயத்தில் தவணை கட்டிய குடும்பங்கள் பாதி வழியில் நகையை விற்க நேர்ந்தது. 2017 முதல் சில தனியார் பட்டங்களுக்கு அரசின் வட்டியில்லாக் கடன் திட்டம் உண்டு. மாணவரிடம் வட்டி அறவிடுவதில்லை. அதை அரசாங்கம் வங்கிக்குச் செலுத்துகிறது. இதில் மனம் உறுத்துவோர் தமக்குத் தெரிந்த ஆலிம் ஒருவரிடம் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளலாம்.

விண்ணப்பத்தை அனுப்புமுன் கொப்பியையும் கணினித் திரையையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு இலக்கத்தையும் மகள் வாசிக்க நீங்கள் சரிபாருங்கள். ஓர் எழுத்து மாறினால் வேறு பல்கலைக்கழகமாகிவிடும். கடவுச்சொல்லை அவளே வைத்திருக்கட்டும், கடைத் தம்பியிடம் விட வேண்டாம். கொடுக்கும் தொலைபேசி இலக்கம் இன்னும் ஒரு வருடத்துக்காவது கையில் இருக்கும் இலக்கமாக இருக்கட்டும். அச்சுப் பிரதி ஒன்றை அலுமாரியில் பிறப்புச் சான்றிதழோடு வையுங்கள்.