கம்பு சுற்றத் தெரிந்தால் சண்டை போடத் தெரியுமா?

திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கம், தண்டராம்பட்டு வட்டாரங்களில் பல்லவர் காலத்து நடுகற்கள் நிற்கின்றன. இரா. நாகசாமி பதிப்பித்து, தொல்லியல் துறை 1972-ல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' நூல்தான் அவற்றைப் பரவலாக அறிய வைத்தது. பல கற்கள், மாடு ஓட்டிப்போக வந்தவர்களை மறித்து நின்று விழுந்த ஊர்க்காரர்களுக்காக எடுக்கப்பட்டவை. கையில் வில் அல்லது வாள், முன்னே வைத்த கால் என்று சண்டையின் நடுவில் இருப்பவர்களாகவே அவர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். எடுத்தனூர்க் கல்லில் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் காத்த கோவிவன் என்ற நாய்க்கும் இடம் உண்டு. சண்டை என்பது உயிர்ப் பிரச்சினையாக இருந்த நிலம் இது. 1767 செப்டம்பரில் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் முதலில் செங்கத்திலும் அதே மாதக் கடைசியில் திருவண்ணாமலையிலும் மோதின.

இன்று அதே நிலத்தில், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்காலைப் போன்ற ஊர்களில், பள்ளி விட்டதும் தோளில் கம்போடு போகும் பிள்ளைகளைப் பார்க்க முடிகிறது. சிலம்பத்துக்கு நல்ல காலம் பிறந்திருக்கிறது. அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் தமிழ்நாடு அரசு சிலம்பத்தைச் சேர்த்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. பிள்ளையைச் சேர்த்துவிட்டு ஓரமாக நின்று பார்க்கும் பெற்றோருக்கு ஒரு சந்தேகம் வருவது இயல்பு: "வாத்தியாரே, நெஜமாவே எவனாவது அடிக்க வந்தா இது கை குடுக்குமா?"

நேர்மையான கேள்வி இது. உலகம் முழுக்கத் தற்காப்புக் கலைஞர்கள் நூறாண்டுக்கு மேலாக இதே கேள்வியில்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எதிரே ஆள் இல்லாமல், முன்பே வகுத்த வரிசையில் அடியும் தடுப்புமாகச் செய்துகொண்டே போகும் பயிற்சி பல கலைகளில் இருக்கிறது. நம் சிலம்பத்தில் வணக்க வரிசையும் காலடி வரிசைகளும் நான்கு திசைக்கும் திரும்பி வீடு கட்டுவதும் உண்டு. குமரி மாவட்டத்து அடிமுறையில் சுவடுகள், கேரளக் களரியில் மெய்ப்பயற்று, கராத்தேயில் கட்டா. காற்றோடு போடும் இந்தச் சண்டை, ஆளோடு போடும் சண்டைக்கு உதவுமா?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சிலம்பக் கம்பு, சுற்றுபவரின் நெற்றி உயரம் இருக்கும். பிடித்த கையிலிருந்து கம்பின் நுனி 1.2 மீட்டர் தள்ளி இருக்கிறது, ஒரு நொடிக்கு 3 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நுனியின் வேகம் நொடிக்கு 22 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அதாவது மணிக்கு சுமார் 80 கிலோமீட்டர். கால் வட்டம் வந்து உங்கள் காதோரம் இறங்க 0.08 நொடி போதும். கண் ஒன்றைப் பார்த்து, மூளை அதை உணர்ந்து, கை அசையத் தொடங்க மனிதருக்குச் சுமார் 0.2 நொடி ஆகிறது. எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒரே ஒரு சைகைக்கே இவ்வளவு நேரம். என்ன வரும் என்று தெரியாமல் பல வாய்ப்புகள் இருந்தால் நேரம் இன்னும் கூடும் என்பதை வில்லியம் ஹிக் 1952-ல் அளந்து காட்டினார்.

ஆகவே வரும் கம்பைப் பார்த்துத் தடுப்பது உடலால் ஆகாத காரியம். ஆனாலும் நல்ல ஆட்டக்காரர்கள் தடுக்கிறார்கள். எப்படி? அவர்கள் கம்பைப் பார்ப்பதில்லை. தோள் இறங்குவதையும், இடுப்பு திரும்புவதையும், பின்கால் ஊன்றுவதையும் பார்த்து, அடி கிளம்பும் முன்பே அது எங்கே வரும் என்று கணித்துவிடுகிறார்கள். கிரிக்கெட் மட்டையாளர்களின் கண்ணசைவை மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்லியோடும் 2000-ஆம் ஆண்டில் பதிவுசெய்து வெளியிட்ட ஆய்வும் இதற்கு நெருக்கமான சேதியைத்தான் சொல்கிறது. மட்டையாளரின் கண் பந்தை வழிநெடுகத் தொடர்வதில்லை. பந்து வெளிப்பட்டதைப் பார்த்தவுடனே, அது குத்தப்போகும் இடத்துக்குத் தாவி அங்கே காத்திருக்கிறது. திறமை கூடக் கூட அந்தத் தாவல் சீக்கிரம் நடக்கிறது.

வரிசைப் பயிற்சியின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. எதிரே ஆள் இல்லாதபோது படிப்பதற்குத் தோளும் இல்லை, இடுப்பும் இல்லை. பத்து வருஷம் தனியாகச் சுற்றினாலும் கண்ணுக்கு அந்தப் பாடம் கிடைக்காது. தூரமும் பிடிபடாது. அரை அடி முன்னே போனால் அடி வாங்குவோம், அரை அடி பின்னே நின்றால் நம் அடி விழாது என்ற அறிவு, இன்னொருவர் எதிரே நின்று நகர்ந்துகொண்டே இருந்தால்தான் உடம்பில் ஏறும்.

இதை மட்டும் வைத்து வரிசைகளைத் தூக்கி எறியச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தனிப் பயிற்சி உடலுக்குள் என்ன செய்கிறது என்பதற்கு ஓர் அழகான சான்று உண்டு. லண்டனில் கராத்தே கறுப்புப் பட்டை பெற்ற 12 பேரையும், உடல் தகுதியுள்ள ஆனால் கராத்தே பழகாத 12 பேரையும் வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2012-ல் வெளிவந்தது. இலக்குக்கு வெறும் 5 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து குத்த வேண்டும். பட்டைக்காரர்களின் குத்து வலுவாக விழுந்தது. காரணம் தசை பலம் அல்ல. அவர்களுடைய தோளும் மணிக்கட்டும் உச்ச வேகத்தை எட்டும் கணங்கள் துல்லியமாக இசைந்திருந்தன. மூளையை வருடிப் பார்த்தபோது, சிறுமூளையிலும் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியிலும் உள்ள வெண்பொருளின் அமைப்பில் இரு குழுவினருக்கும் வேறுபாடு தெரிந்தது. பயிற்சி தொடங்கிய வயதோடும் அனுபவத்தோடும் அது தொடர்புற்றிருந்தது. கட்டா மட்டுமே இதைச் செய்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காலில் பிறக்கும் விசை இடுப்பு, தோள், முழங்கை வழியாகச் சிந்தாமல் கம்பின் நுனிக்கு வந்து சேரும் ஒழுங்கை, அடி விழும் பயம் இல்லாமல் நிதானமாகப் பழக வரிசையைவிட நல்ல இடம் இல்லை.

பயத்தின் கணக்கும் உண்டு. பதற்றம் கூடும்போது உடம்பு எந்தப் பழக்கம் ஆழமாக வேரோடியிருக்கிறதோ அதையே செய்யும் என்று ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1965-ல் பல சோதனைகளைத் தொகுத்துச் சொன்னார். நன்றாகப் பழகிய வேலை பதற்றத்தில் மேம்படும், அரைகுறையாகப் பழகியது இன்னும் குலையும். நெஞ்சு படபடக்கும் நேரத்தில் யோசித்து அடியெடுத்து வைக்க எவராலும் முடியாது. ஆயிரம் முறை வைத்த காலடிதான் தானாக வரும். கால் பின்னிக்கொள்ளாமல் பின்வாங்குவதும், திரும்பும்போது தடுமாறாமல் இருப்பதும் அப்படி வருபவை. சண்டையில் அடியால் மட்டுமல்ல, தங்கள் காலிலேயே தடுக்கியும் விழுவது உண்டு.

அப்படியானால் எங்கே பிசகுகிறது? வரிசையில் அடுத்து என்ன வரும் என்பது செய்பவருக்கு முன்பே தெரியும். ஜான் ஷியாவும் ராபின் மார்கனும் 1979-ல் செய்த சோதனையை இங்கே சொல்ல வேண்டும். மூன்று விதக் கையசைவுகளை ஒரு குழு ஒவ்வொன்றாக, ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது என்று பழகியது. இன்னொரு குழு மாற்றி மாற்றி, அடுத்தது எது என்று தெரியாமல் பழகியது. பயிற்சியின்போது முதல் குழுதான் சுத்தமாகச் செய்தது. பத்து நாள் கழித்துச் சோதித்தபோதும், புதிய அசைவு ஒன்றைக் கொடுத்தபோதும் இரண்டாம் குழு முந்திவிட்டது. பழகும்போது அழகாகத் தெரிவதும், தேவைப்படும்போது கைகொடுப்பதும் வேறு வேறு. சிலம்ப மேடைக்கு முன்னால் உட்கார்ந்து கை தட்டும் நாம் மனதில் வைக்க வேண்டிய முடிவு இது.

ரஷ்யரான நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் 1920-களில் மாஸ்கோவில் உளி அடிக்கும் தொழிலாளிகளைப் படம் பிடித்து ஆராய்ந்தார். கைதேர்ந்த தொழிலாளியின் சுத்தியல் ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில் விழுந்தது. ஆனால் அவருடைய தோளும் முழங்கையும் இரண்டு அடிகளில் ஒரே பாதையில் போகவில்லை. இலக்கு மாறாது, வழி ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. வரிசையை அச்சுப் பிசகாமல் செய்வதையே முழு நோக்கமாக வைத்தால், வழியை உறையவைத்துவிட்டு இலக்கை மறந்துவிடுவோம். சங்கீதத்திலும் இப்படித்தான்: சரளி வரிசையோடு நின்றுவிட்டவர் கச்சேரி செய்ய முடியாது. அதைப் பாடாமல் கச்சேரிக்கு வந்தவரும் நிலைக்க முடியாது.

வரிசை தனியாகப் பிரிந்து நின்றதற்கு வரலாறும் காரணம். சிவகங்கைச் சீமையின் சின்ன மருது தனக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுக்கொடுத்ததை ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அதே வெல்ஷ் 1801-ல் மருதுவுக்கு எதிராகப் போரிட்ட படையில் இருந்தார். மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பது தடை செய்யப்பட்டது. போர்க்களம் போனபின் கலை கோயில் திருவிழாவிலும் ஊர்வலத்திலும் தங்கியது. அங்கே காண்பிக்க முடிந்தது வரிசைதான். ஒகினாவாவிலும் இதே போன்ற ஒரு மாற்றம் நடந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கோ இதோசு கராத்தேயைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோனபோது, சிறுவர்களுக்கு ஏற்ற கட்டாக்களை அமைத்தார். கலை பிழைத்தது. ஒவ்வோர் அசைவும் யாருடைய எந்த அடிக்குப் பதில் என்ற விளக்கம் பல இடங்களில் தேய்ந்துபோனது.

ஜப்பானில் ஜிகோரோ கானோ வேறு வழியில் போனார். 1882-ல் கோடோகன் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய அவர், கட்டாவைக் கைவிடவில்லை. ஆனால் எதிராளி முழு பலத்தோடு எதிர்க்கும் கட்டற்ற பயிற்சியை அதற்கு இணையாக வைத்தார். உயிருக்கு ஆபத்தான பிடிகளை அதிலிருந்து விலக்கியதால் மாணவர்கள் தினமும் மோத முடிந்தது. ஜூடோவின் பலம் அந்த ஏற்பாட்டில் இருந்தது.

எதிர்ப்பே இல்லாத பயிற்சியின் கதியை 2017-ல் சீனாவில் பார்த்தோம். கலப்புச் சண்டை வீரர் ஷூ சியாவோதோங், தாய்ச்சி ஆசிரியர் ஒருவரை அரை நிமிடத்துக்குள் வீழ்த்தினார். ஆனால் தந்தையிடம் சிறுவயதிலிருந்து ஷோடோகான் கராத்தே பழகிய பிரேசில்காரர் லியோட்டோ மச்சிடா, 2009-ல் யு.எஃப்.சி. கலப்புச் சண்டைப் பட்டம் வென்றதும் உண்மை. அவர் கட்டாவோடு நிற்காமல் ஆளோடு மோதியும் வளர்ந்தவர்.

மோதல் போட்டியும் முழு உண்மை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்டில், கராத்தே ஆண்கள் அதிக எடைப் பிரிவின் இறுதிச் சுற்றில் சவூதி வீரரின் உதை பட்டு ஈரானின் சஜாத் கஞ்சாதே மயங்கி விழுந்தார். அளவு மீறிய அடி என்று சவூதி வீரர் நீக்கப்பட, தங்கம் கஞ்சாதேவுக்குப் போனது. விதி அப்படி, அதில் தவறில்லை. தெருவில் நடுவர் இல்லை. கத்தி, பல பேர், இருட்டு எல்லாம் இருக்கும். அங்கே சிறந்த தற்காப்பு ஓடுவது. அதற்கும் நல்ல காலடி வேண்டும்.

நம் பழைய ஆசான்கள் வரிசைக்கும் சண்டைக்கும் நடுவே ஒரு படி வைத்திருந்தார்கள். இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் சொன்ன அடியை அடிக்க, மற்றவர் சொன்ன தடுப்பைத் தடுப்பார். பிறகு அடி எந்தப் பக்கம் வரும் என்பதைச் சொல்லாமல் மறைப்பார்கள். பிறகு வேகம் கூடும். அதன் பிறகே தொட்டால் புள்ளி என்ற ஆட்டம். கண்ணுக்கும் தூரத்துக்கும் பாடம் நடப்பது இந்த நடுப்படியில்தான். இன்றைய போட்டிகளில் தொடுமுறைப் பிரிவு இருக்கிறது. ஆனால் ஆண்டு விழாவுக்கும் பதக்கத்துக்கும் தனித்திறன் சுற்றுதான் எளிது, காயம் இல்லை, கைதட்டல் உண்டு. அதனால் பல பயிற்சிக் கூடங்களில் நடுப்படி சுருங்குகிறது. இது எனக்குக் கவலை தருகிறது. கம்பின் வேகம் பார்வைக்கு வளர்கிறது, எதிரே நிற்பவரைப் படிக்கும் கண் வளரவில்லை.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுதான். பிள்ளை வாரத்தில் எத்தனை நேரம் இன்னொரு பிள்ளையின் எதிரே நிற்கிறது என்று வாத்தியாரிடம் கேளுங்கள். தலைக்கவசமும் கை உறையும் வாங்கித் தரத் தயங்காதீர்கள். பயிற்சிக் கூடங்களுக்கு உதவும் அரசும் சங்கங்களும் கோப்பையோடு கவசங்களையும் கொடுக்கட்டும். வரிசையை விட்டுவிடாதீர்கள். தினமும் அரை மணி நேரம் சுற்றட்டும். அதே அளவு நேரம் எதிரே ஓர் ஆளும் நிற்கட்டும்.