புகைவண்டியும் பந்தயக் குதிரையும்

கருதிய பொருளை வெளிப்படக் கூறாது, கதையில் வரும் வேறொன்றன்மேல் ஏற்றிக் குறிப்பாற் புலப்படுத்தல் சிறந்த புலவர்தம் இயல்பாகும். இத்தகைய நெறிகளை நம் முன்னோர் உள்ளுறை எனவும் இறைச்சி எனவும் வகுத்தனர். உரைநடையில் இதனைத் திறம்படக் கையாண்டோருள் ஒருவர் உருசிய நாட்டு டால்ஸ்டாய். அவர் இயற்றிய 'அன்னா கரீனினா' என்னும் நாவல் 1875 முதல் 1877 வரை இதழொன்றில் தொடர்ந்து வெளிவந்து, 1878-இல் நூலாயிற்று.

இல்லறமே அந்நாவலின் பொருள். அன்னா, உயர்பதவியினனாகிய கரீனினின் மனைவி. ஒரு சிறுவனுக்குத் தாய். அவள் தமையன் தன் மனைவிக்கு வஞ்சனை இழைத்தான். பிளவுற்ற அக்குடும்பத்தை ஒன்றுசேர்க்கவே அன்னா மாஸ்கோவுக்கு வருகின்றாள். பிறர் இல்லம் காக்க வந்தவள், புகைவண்டி நிலையத்தில் விரான்ஸ்கி என்னும் இளம் படை அலுவலனைக் காண்கின்றாள். அவ்வேளையில் காவலன் ஒருவன் வண்டிச் சக்கரங்களில் அகப்பட்டு மாள்கின்றான். இது தீநிமித்தம் என அன்னா நடுங்குகின்றாள். விரான்ஸ்கியோ இறந்தவன் மனைவிக்கு 200 ரூபிள் அளிக்கின்றான். இரக்கத்தால் அளித்தானா, அன்னா அறியவேண்டுமென்று அளித்தானா என்பது ஐயத்திற்கிடமாகவே நிற்கின்றது.

மணவரம்பு கடந்த காதல் முற்றிய நிலையில் குதிரைப்பந்தயம் நிகழ்கின்றது. விரான்ஸ்கி ஏறிய அழகிய பெண்குதிரை எல்லாவற்றையும் முந்திச் செல்கின்றது. இறுதி அகழியைத் தாண்டுங்கால் அவன் பொருந்தா நேரத்தில் சேணத்தில் அமர, அதன் முதுகெலும்பு முறிகின்றது. பிழை செய்தவன் ஊறின்றி எழுந்து நிற்கின்றான். பிழையறியாக் குதிரை சுடப்பட்டு மடிகின்றது. கதைத்தலைவியைக் குதிரையோடு ஒப்பிடல் தகுமோ எனச் சிலர் வினவலாம். டால்ஸ்டாய் எங்கும் அவ்வாறு ஒப்பிட்டுரைக்கவில்லை; நிகழ்ச்சியை மட்டுமே காட்டினார். அவன் வீழ்ந்ததைக் கண்டு அன்னா பலர்முன் கதறுகின்றாள். வீடு திரும்பும் வழியில் கணவனிடம் உண்மையை உரைத்துவிடுகின்றாள்.

அதன்பின் உலகம் பிடித்த துலாக்கோலை நோக்குக. தமையன் செய்ததும் அதே பிழை. அவனுக்கோ எவ்விருந்திலும் இடமுண்டு. விரான்ஸ்கியும் விரும்பிய இடமெல்லாம் செல்கின்றான். அன்னாவோ நாடக அரங்கில் பக்கத்து இருக்கையாளரால் இழித்துரைக்கப்படுகின்றாள். அந்நாளைய உருசியச் சட்டத்தில் மணமுறிவு எளிதன்று. பெற்ற மகனையும் அவள் பிரிந்தே வாழ நேர்கின்றது. லெவின், கிட்டி என்போரின் அமைதியான இல்வாழ்வு இதற்கு எதிர்நிலையாக உடன் செல்கின்றது. அதுவும் பூசலும் ஐயமும் அற்றதன்று.

1872-ஆம் ஆண்டில், தம் ஊருக்கு அருகிலிருந்த நிலையமொன்றில் வண்டியின்கீழ் வீழ்ந்து இறந்த பெண்ணொருத்தியின் உடலை டால்ஸ்டாய் நேரிற் கண்டவர். அத்துயரக் காட்சி நாவலின் முடிவிற் கலந்துள்ளது. இறுதி நாளில் நிலையத்தில் நிற்கும் அன்னாவுக்கு, முதனாளில் நசுங்கி மாண்ட காவலன் நினைவுக்கு வருகின்றான். அவள் மறைந்தபின் விரான்ஸ்கி போர்முனை நோக்கிப் புறப்படுகின்றான். வழியில் ஒரு நிலையத்தில், பல்வலியோடு நிற்கும் அவன்முன் தண்டவாளத்தின்மேல் சக்கரங்கள் மெல்ல உருண்டு வருகின்றன. அவன் பல்வலியை மறந்து கண்ணீர் உகுக்கின்றான்.