மாமல்லபுரத்தில் பொய்த்த முன்கணிப்புகள்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துத் தொடர்களில் எந்த அணி முந்தும் என்பதைச் செய்தியாளர்கள் பருவம் தொடங்குமுன் வாக்கெடுப்பின் மூலம் கணிக்கின்றனர். சதுரங்கத்திலோ அப்பணியைப் பெருமளவு 'எலோ' தரப்புள்ளிகளே செய்கின்றன. ஆடும் இருவரின் தரப்புள்ளி வேறுபாட்டைக் கொண்டு, ஆட்டத்தில் எதிர்பார்க்கப்படும் மதிப்பெண் விகிதத்தைக் கணக்கிடும் இம்முறையில், 200 புள்ளி கூடுதலாக உள்ளவர் ஏறத்தாழ 76 விழுக்காடு மதிப்பெண் பெறுவார் எனக் கொள்ளப்படுகிறது.

செங்கல்பட்டு மாவட்டத்து மாமல்லபுரத்தையடுத்த பூஞ்சேரியில் 2022 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நடந்த 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடில் அணிகளின் சராசரிப் புள்ளிகளைக் கொண்டு வரிசை வகுக்கப்பட்டபோது, ரஷ்யாவும் சீனாவும் பங்கேற்காத நிலையில், பொதுப் பிரிவில் அமெரிக்கா முதலிடத்தையும் இந்தியாவின் முதல் அணி இரண்டாமிடத்தையும் பெற்றன. ஆனால் 11 சுற்றுகளின் முடிவில், 14ஆம் இடத்தில் வைக்கப்பட்டிருந்த உஸ்பெகிஸ்தான் தங்கத்தையும், அர்மேனியா வெள்ளியையும், 11ஆம் இடத்திலிருந்த இந்தியாவின் இரண்டாம் அணி வெண்கலத்தையும் வென்றன. அமெரிக்கா ஐந்தாமிடத்துக்கு இறங்கியது. முதல் எட்டு ஆட்டங்களையும் வென்ற, இந்தியாவின் இரண்டாம் அணியைச் சேர்ந்த இளம் வீரர் குகேஷ் முதல் பலகைக்கான தங்கத்தைப் பெற்றார். பெண்கள் பிரிவில் முதலிடக் கணிப்புடன் வந்த இந்தியாவும் வெண்கலமே பெற்றது.

தரப்புள்ளி கடந்தகால ஆட்டங்களின் பதிவு என்பதாலும், 2400 புள்ளிகளை எட்டியவரின் தரம் ஆட்டத்துக்கு ஆட்டம் சிறிதளவே மாறும் வகையில் விதி அமைந்திருப்பதாலும், பெருந்தொற்றுக் காலத்தில் நேரடிப் போட்டிகள் முடங்கியதாலும், விரைந்து வளரும் இளைஞர்களின் உண்மையான வலிமை அத்தரவரிசையில் முழுமையாக வெளிப்படவில்லை எனலாம். ஆகவே, முன்கணிப்பை நிகழ்தகவின் அளவாகக் கொள்வதே தகும். அதை முடிவின் அறிவிப்பாகக் கருதுதல் பிழையாகும்.